ஆறில் தொடங்கும் எண்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜெரோம்,

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உன் கல்யாண ஓலையை மூன்றாவது தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், எங்கள் இருவர் பெயர், திருச்சியில் இருக்கும் ஸ்டெல்லாவின் பெயர், அவளைப் பெற்றவர்கள் பெயர். பிறகு வழக்கமான அந்த வாக்கியம்: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும். ஆயிரம் தடவை காதில் விழுந்து, ஒரு தடவையும் மனதில் ஏறாத வாக்கியம் அது. பெண்கள் பக்கம் உன் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டது. உன் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் உன்னைப் பற்றி இந்த ஊர் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று பொய். அது பொய் என்று மூன்று வாரமாக எனக்குத் தெரியும். மூன்று ஞாயிறும் வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன்.

இதைப் போனில் உன் காதோடு சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது எனக்குச் சுலபம், அதனால்தான் அப்படிச் செய்யவில்லை. உன்னைக் குற்றவாளியாக்கியது நாலு பேர் நடுவில். இல்லை என்று சொல்வதும் அங்கேதான் நடக்க வேண்டும். இந்தக் கடிதத்தின் ஒரு நகலைக் கிளிஞ்சல்மேட்டில் படகுக்காரர் சங்கக் கட்டடத்துக் கதவில் ஒட்டப்போகிறேன். செயலாளரிடம் கேட்டுவிட்டேன். ஆகவே உனக்குத் தலைகீழாகத் தெரிந்த சங்கதிகளை நான் விளக்கிக்கொண்டு போனால் அலுத்துக்கொள்ளாதே. படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் நம் தொழில்காரர்கள் இல்லை.

நம் தொழிலை நான் எப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல் போடவும் கடைகளுக்கு ரசீது போடவும் நானாகக் கற்றுக்கொண்டு நிரல் எழுதியவன் நான். எதையாவது மாற்றுவதற்கு முன்னால் மொத்தக் கோப்புறையையும் நகலெடுத்து வைப்பேன். 'கடைசி' என்று ஒன்று, 'கடைசி 2' என்று ஒன்று, 'இதுதான் கடைசி' என்று ஒன்று. படிப்பு முடிந்து நீ நம் கணினிக் கடைக்கு வந்த முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "என்னப்பா இது, இத்தன கடைசியா? எதுப்பா நெசமாவே கடைசி?" என்று கேட்டாய். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. மறுநாள் காலையிலேயே நீ, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு வைக்கும் கிட் என்கிற கருவியைக் கணினியில் ஏற்றிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எனக்காகக் கட்டளைகளை எழுதி வைத்தாய். ஸ்டேட்டஸ் அடித்தால் எந்தெந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று காட்டும். டிஃப் அடித்தால் எந்த வரி மாறியது என்று காட்டும். ஆட் அடித்தால் சேமிக்க வேண்டியதை எடுத்து வைக்கும். கமிட் அடித்தால், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்போடும் நம் பெயரோடும் அது பதிவாகிவிடும். காலையில் புல் அடித்து மற்றவர் செய்ததை இறக்கிக்கொள்ள வேண்டும். கடை சாத்துமுன் புஷ் அடித்து நாம் செய்ததை ஏற்றிவிட வேண்டும். இவ்வளவுதான் அன்றாடப் பாடு. இதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நீ ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

அந்த முதல் வாரத்தில் நீ செய்த ஒரு காரியத்தை அப்போது நான் கவனிக்கவே இல்லை. என்னுடைய பழைய நிரல்களை எல்லாம் அந்தக் கருவிக்குள் கொண்டுவந்தபோது, உட்கார்ந்து ஏற்றியவன் நீ. உன் பெயரிலேயே பதிந்திருக்கலாம். நீ எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்துப் பதிந்தாய். "நீங்க எழுதுனதுக்கு எம் பேரு எதுக்குப்பா?" என்றாய். நான் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பழைய நிரல்களில் ஒன்றுதான் கிளிஞ்சல்மேட்டுச் சங்கத்துக்காக நான் செய்து கொடுத்தது. காற்று எச்சரிக்கை வந்தால் செயலாளர் ஒரு தடவை தட்டினால் போதும், அத்தனை படகுக்காரர் போனுக்கும் செய்தி போய்விடும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. சுனாமியில் அத்தனை பேரைப் பறிகொடுத்த ஊர் என்பதால் அதை நான் கூலி வாங்காமல் செய்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர் செல்வமணி கடலில் போன கதை ஊருக்கே தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அன்று காலை எச்சரிக்கை வந்தது, செயலாளர் தட்டினார், செய்தி போனது. மாலை கடலுக்கு இறங்க இருந்த படகுகள் எல்லாம் நின்றுவிட்டன. செல்வமணி தன் ஃபைபர் படகைப் பழுது பார்க்கத் துறைமுகத்தில் விட்டிருந்தார். ஊர்க் கரையில் இருந்திருந்தால் யாராவது கூவியாவது நிறுத்தியிருப்பார்கள். வேலை முடிந்ததும் அவர் மச்சினனோடு அங்கிருந்தே நேராக இறங்கிவிட்டார். மச்சினன் பிழைத்து வந்தார். செல்வமணியின் உடல் கிடைக்க மூன்று நாளாயிற்று. வீட்டில் அவர் மனைவி காந்திமதியிடம் இருந்த போன் சங்கப் பட்டியலில் இல்லை. செல்வமணி கையில் வைத்திருந்தது புதிதாக வாங்கிய வேறு எண், சங்கத்தில் முறையாகப் பதிந்திருந்த எண். அது அன்று முழுவதும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்குச் செய்தி வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று தேடிப் பிடித்தவன் நான்தான். ஒரே ஒரு வரி. கைபேசி எண் ஒன்பதிலோ எட்டிலோ ஏழிலோ தொடங்கவில்லை என்றால் அது தப்பான எண், அதை விட்டுவிடு என்கிற வரி. ஆறில் தொடங்கும் எண்கள் புழக்கத்துக்கு வந்து வெகு காலம் ஆகிவிட்டது. செல்வமணியின் புது எண் ஆறில் தொடங்கியது. நிரல் அதை ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. வரியைக் கண்டுபிடித்ததும் நான் பிளேம் என்கிற கட்டளையை அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டுகிற கட்டளை. அந்த வரிக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது.

இங்கேதான் ஜெரோம், நான் என் மனதுக்குள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதி உண்மை. வரியைப் பார்த்த நொடியில் எங்கோ ஓர் ஓரத்தில் உறுத்தியது. உன் பெயரைப் பார்த்ததும் அந்த உறுத்தல் அடங்கிவிட்டது. பெற்ற மகனின் பெயரைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் என் வாழ்நாளில் உணர்ந்ததில்லை.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்தார் எல்லாம் வந்திருந்தார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசையில் திருப்பி வைத்தேன். "பாத்துக்குங்க. யாரு எழுதுனதுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. நான் பாத்துக்கிட்டு இருந்த வரைக்கும் ஒரு கொற வந்துச்சா? இவன் கை வச்சான், இப்புடி ஆச்சு" என்றேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்து, "இது நீ எழுதுனதா இல்லியா? வாயத் தொறந்து சொல்லு" என்று அதட்டினேன். நீ குனிந்து திரையைப் பார்த்தாய். "எம் பேருதாம்ப்பா இருக்கு" என்றாய். அதை நீ ஒத்துக்கொண்டதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது காந்திமதி வாசலில் மண்ணை வாரி உன் மேல் தூற்றினார். "உனக்கு மால ஏறாதுடா. எம் புருசன கொன்னுட்டு நீ ஒரு நாளும் நல்லா இருக்க மாட்ட" என்றார். உன் தலையிலும் தோளிலும் மண். நீ அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன், என் மேலும் விழுந்துவிடுமோ என்று.

இந்த நேரத்தில் எனக்குப் போலகத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. உன் சித்தி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அங்கே போயிருந்தோம், உனக்குப் பதினோரு வயது இருக்கும். திரும்பக் கிளம்பும்போது வண்டிச் சாவியைக் காணோம். "இவன்தான் வச்சு வெளையாடுனான்" என்று எல்லார் எதிரிலும் உன் முதுகில் ஒன்று வைத்தேன். கொளுத்துகிற வெயிலில் நீ வாய்க்கால் கரை வரை போய்த் தேடிக்கொண்டிருந்தாய். சாவி என் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. நான் அதை யாரும் பார்க்காமல் வண்டியின் பெட்டியில் போட்டுவிட்டு, "இங்கதான் இருக்கு, வா" என்றேன். நீ ஓடி வந்து, கிடைத்துவிட்டதே என்று சிரித்தாய். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பழகியிருக்கும். சொல்லாமல் விட்டதுதான் பழகிவிட்டது.

கூட்டம் நடந்த மறுநாள் நீ அந்த வரியைத் திருத்தி ஏற்றினாய். குறிப்பில், ஆறில் தொடங்கும் எண்களையும் ஏற்க வேண்டும், விடுபட்டது என் தவறு, என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, சரி, பையனுக்கு உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே நீ திருச்சிக்குப் போய் மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். நிரல் எழுதுவதை அடியோடு விட்டுவிட்டாய். நானும் உன்னைத் தடுக்கவில்லை. உன் கணினி கடையின் மூலையில் துணி போர்த்தி அப்படியே இருந்தது. இரண்டு வருடத்தில் வீட்டுக்கு நீ வந்தது இரண்டே தடவை, இரண்டும் கிறிஸ்துமஸ்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் அம்மா, கல்யாண மண்டபத்தில் ஓட்டிக் காட்ட உன் சின்ன வயசுப் படங்கள் வேண்டும், அவை உன் கணினியில்தான் இருக்கின்றன என்றாள். துணியை எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். படங்களை எடுத்தேன். பக்கத்திலேயே அந்த நாற்பது பக்க நோட்டும் இருந்தது. சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், எதையாவது தொலைத்துவிட்டோம் என்று பயம் வந்தால் ரீஃப்ளாக் அடித்துப் பாருங்கள் அப்பா, என்று எழுதியிருந்தாய். அந்தக் கணினியில் செய்த ஒவ்வொரு பதிவையும், பின்னால் மாற்றியதையும், வரிசையாகச் சொல்லுகிற கட்டளை. எவ்வளவு புஷ் செய்தாலும் அந்தப் பட்டியல் வெளியே போகாது, அந்தக் கணினியோடு கிடக்கும். நான் அதுவரை ஒரு தடவைகூட அடித்ததில்லை. உன் கை கடைசியாக என்னென்ன செய்தது என்று பார்க்கும் ஆசையில் அடித்தேன்.

மேலேயே இரண்டு வரி. முதலாவது எனக்குத் தெரிந்த குறிப்பு, என் தவறு என்று முடிவது. பக்கத்தில் அமெண்ட் என்று இருந்தது, அதாவது ஏற்கெனவே போட்டதை மாற்றி எழுதியது. அதற்குக் கீழே நீ முதலில் போட்டது. ஆறில் தொடங்கும் எண்களையும் ஏற்க வேண்டும்; அப்பாவின் முதல் வடிவத்திலிருந்தே உள்ள வரி. இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு நிமிடம். அந்த இருபத்திரண்டு நிமிடம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். நான் அப்போது கடையின் முன்பக்கம் உட்கார்ந்து, வந்தவரிடம் எல்லாம் உன்னைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன். அது உனக்குக் கேட்டிருக்கும்.

பிறகுதான் சரியாகப் பார்த்தேன். அதே பிளேம் கட்டளையோடு டபிள்யூ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால், வெற்று இடத்தை மட்டும் மாற்றிய பதிவுகளை ஒதுக்கிவிட்டு, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும். அதுவும் உன் நோட்டிலேயே இருக்கிறது. நீ வரியைத் திருத்துவதற்கு முந்தைய வடிவத்தில் அதை அடித்தேன். என் பெயர் வந்தது. நீ அந்தக் கோப்பில் செய்ததெல்லாம் நான் தாறுமாறாக விட்டிருந்த ஓரங்களை ஒழுங்காக நகர்த்தி வைத்ததுதான். அதனால் கோப்பு முழுக்க உன் பெயர் வந்திருக்கிறது. நான் சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஓர் எழுத்து. ஒரு மனிதன் செத்திருக்கிறான், என் மகன் தலை குனிந்து நிற்கிறான், அந்த ஓர் எழுத்தை அடித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வருடம் கழித்து அடித்தேன்.

உன் குறிப்பை நானே மாற்றி எழுதி, பழைய வரலாற்றின் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றிவிட முடியும். கை அதற்குப் போனது. செய்யவில்லை. நீ எழுதியதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. அதற்கு மேல் புதிதாக ஒரு பதிவு போட்டேன், என் பெயரில்: ஆறில் தொடங்கும் எண்களை விட்ட வரியை எழுதியது நான், முந்தைய குறிப்பில் ஜெரோம் ஏற்றுக்கொண்டிருப்பது அவன் செய்யாத தவறு. அதைப் புஷ் செய்துவிட்டேன். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க, சந்தோசம். சொல்ல வேண்டிய வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டார். அதற்கும் பிறகு பத்து நாள் தள்ளிப் போட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவிடம் நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கும். எனக்கு ஒன்று சொல்லத்தான் தகுதி இருக்கிறது. அடுத்தவர் பழியைத் தூக்கிக்கொள்வது அன்பு என்று நினைத்துவிடாதே. நீ தூக்கிக்கொண்டதால் நான் நல்லவனாகிவிடவில்லை. இரண்டு வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். நாளைக்கு உன் பெண்டாட்டி தப்பு செய்தால் அவளிடம் சொல்லு, சண்டை வரட்டும். நீ தப்பு செய்தால் அன்றைக்கே ஒத்துக்கொள்.

நேற்றுக் காலை கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். காந்திமதி வீட்டு வாசலில் பாயை விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தவர், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "செல்வமணிக்கு செய்தி போகாததுக்கு ஜெரோம் காரணம் இல்லம்மா. நான்தான். அந்த வரிய எழுதுனது நான். எம் புள்ள தெரிஞ்சே மறச்சுட்டான்." அவர் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். "கல்யாணம்னு கேள்விப்பட்டேன். நான் விட்ட சாபத்த எடுக்கச் சொல்லி வந்தீங்களா, சார்?" என்றார். "ஆமாம்மா. அத எடுத்து எம் மேல போடுங்க" என்றேன்.

அவர் பாயின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். "அந்தப் புள்ள மாசத்துக்கு ஒருக்கா இங்க வரும். உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "காலையில திருச்சி பஸ்ஸுல வந்து எறங்கும். அந்த வல காயிற எடத்துல ஒக்காந்து எம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கும். சாயங்காலம் போயிடும். ரெண்டு வருசம் ஆச்சு. நான் ஒரு வார்த்த பேசுனதில்ல. ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. அது ஒரு நாளும் எங்கப்பா செஞ்சதுன்னு சொல்லல சார்." அப்போதுதான் அவர் அழுதார். செல்வமணிக்காக அழுதாரா, தண்ணீர் கொடுக்காததற்காக அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க. இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க. உங்கள மன்னிக்க என்னால ஆவாது. தம்பிய மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

மாதாமாதம் நீ இந்த ஊருக்கு வந்திருக்கிறாய், ஜெரோம். நம் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருக்கிறாய். நம் வாசலை மிதிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ வீட்டுக்கு வராததை நான்தான் சம்பாதித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நீ ஸ்டெல்லாவையும் அவள் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வருவதாக அம்மா சொன்னாள். அவர்களை மண்டபத்தில் விட்டுவிட்டு, ஸ்டெல்லாவை மட்டும் கூட்டிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போ. நம் வீட்டுக்கு அதற்கப்புறம் வந்தால் போதும். வராவிட்டாலும் நான் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து உன் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்வேன். அங்கே முதலில் போ. நீ வெள்ளிக்கிழமை வருகிறாய் என்று நான் கிளம்பும்போது சொன்னதற்கு, உங்கள் இரண்டு பேருக்கும் சோறு ஆக்கி வைப்பதாகக் காந்திமதி சொன்னார்.

அப்பா